மருந்துக் கூடத்தின் கதவு

வாழைச்சேனையிலிருந்து வாகரைப் பக்கம் போகும் பஸ் மேனுகாவை இறக்கிவிட்ட இடத்தில் கடையும் இல்லை, வீடும் இல்லை. ஒரு வேப்பமரமும் அதனடியால் பிரிந்து போகும் கிரவல் பாதையும் மட்டும்தான். பாதை வாவியை நோக்கி இறங்கியது. இரண்டு பக்கமும் கண்ணா மரங்கள் சேற்றுக்குள் வேரூன்றி நெருக்கமாக நின்றன. வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தும் அந்த மரங்களுக்குள் வெளிச்சம் நுழையவில்லை.

பாதை முடியும் இடத்தில் வாடி இருந்தது. ஒரு காலத்தில் ஐஸ் பக்டரி. சண்டைக் காலத்தில் கைவிடப்பட்டுக் கிடந்ததை யாரோ கொழும்பு முதலாளி எடுத்து, இறால் உரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பும் இடமாக மாற்றியிருந்தார். முன்சுவருக்கு மட்டும் புதிதாக நீலம் பூசியிருந்தது. பக்கச் சுவர்களில் பழைய பாசி அப்படியே கறுத்துக் கிடந்தது.

மேனுகாவுக்கு அது முதல் வேலை. சித்தாண்டி ஊர்ப் பிள்ளை. உணவுத் தரம் பற்றிய டிப்ளோமா படித்துவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு, இறாலைச் சோதித்துப் பார்க்கிற வேலை என்று சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

"வெயிலுக்குள்ள நடந்தா வந்த புள்ள? போனில ஒரு கோல் எடுத்திருந்தா மோட்டர் சைக்கிள் அனுப்பியிருப்பனே" என்றபடி சுப்பவைசர் அருமைநாயகம் வாசலுக்கு வந்தார். தலை நரைத்த, மெலிந்த மனிதர். தன் போத்தல் தண்ணீரை அவளிடம் நீட்டினார். அவள் காலுக்கு அளவான பூட்ஸ் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். மேனுகாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

உள்ளே நீண்ட கூடம். தகர மேசைகளின் இரு பக்கமும் பெண்கள் நின்றபடியே இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் தண்ணீருக்குள் கிடந்து கிடந்து அவர்களுடைய விரல்கள் வெளுத்து, சுருங்கி, நகக்கண்கள் வெடித்திருந்தன. சிலருக்குத்தான் கிளவுஸ் இருந்தது. குந்தியிருக்க ஒரு வாங்குப் பலகைகூட இல்லை. கதிரவெளியிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் வருகிறவர்கள் என்று அருமைநாயகம் சொன்னார்.

கூடத்தின் கடைசியில் ஒரு கதவு. ஐஸ் அறையாக இருந்த காலத்துக் கதவு. தடித்த பலகை, அதன் உட்பக்கம் தகரம் அடித்து, ஓரமெல்லாம் ரப்பர் வைத்தது. வெளிப்பக்கம் நீளமான இரும்புப் பிடி. உட்பக்கம் பிடி இருந்த இடத்தில் துரு வடிந்த ஓட்டைகள் மட்டும்.

"இதான் மருந்துக் கூடம். றால்ட தலை கறுக்காம இரிக்க மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கிற இடம்."

அவர் கதவைத் திறந்தார். ஒரு பெட்டித் தீக்குச்சியையும் ஒன்றாக உரசியதுபோல் ஒரு மணம் மூக்கில் ஏறியது. ஜன்னல் இல்லாத அறை. நடுவில் சீமெந்துத் தொட்டி. மேலே காற்றாடி ஒன்று சிலந்தி வலையோடு அசையாமல் நின்றது.

"இது சுத்தாதா சேர்?"

"செய்ய வேணும். முதலாளிக்குச் சொல்லியிரிக்கன்."

அப்போது ஒரு பெண் இறால் கூடையோடு வந்தாள். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவள் நின்று, விரல் மடக்கிக் கதவில் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள்.

அடுத்து வந்தவளும் தட்டினாள்.

அருமைநாயகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அந்தக் கிழமை முடிவதற்குள் மேனுகாவுக்கு வேலை பிடிபட்டுவிட்டது. பிடிபடாதது அந்த அறை மட்டும்தான்.

பெண்கள் அங்கே தனியாகப் போவதில்லை. போகும்போது ஐஸ் நிரப்பிய பெட்டியொன்றைக் கதவுக்கு அண்டைகொடுத்துவிட்டே போவார்கள். உள்ளே யாரும் பேசுவதுமில்லை. இறாலை முக்கி, வடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வாவிக்கரையில் நின்று இருமுவார்கள்.

ஒரு முற்பகல், தொட்டித் தண்ணீரில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மேனுகா தனியே போனாள். பெட்டி அண்டையாக இருந்தது. குனிந்து சோதனைத் தாளைத் தண்ணீரில் நனைத்தாள்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

சாதாரண மூச்சல்ல. முட்டு வருத்தக்காரர் நெஞ்சை நிமிர்த்தி இழுக்கிற மூச்சு. உள்ளே போகும்போது விசில்போல் ஒரு கீச்சல். வெளியே வர வழியில்லாமல் ஒரு நிறுத்தம். மறுபடி கீச்சல்.

"வெளிய போய் நில்லுங்க அக்கா. இந்த மணம் உங்களுக்குக் கூடாது" என்றாள் மேனுகா, தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

மூச்சு நின்றது.

அவள் திரும்பினாள். யாரும் இல்லை.

அறையில் வெளிச்சம் குறைந்திருந்தது. ஐஸ் பெட்டி கதவடியில் இல்லை. அறையின் நடுவுக்கு வந்திருந்தது. கதவு தானாக மூடிக்கொண்டு வந்தது, அவசரமில்லாமல்.

மேனுகா ஓடிப்போய்க் கடைசி இடைவெளிக்குள் தோளைக் கொடுத்து வெளியே வந்து விழுந்தாள். மேசைகளில் எல்லாக் கைகளும் நின்றுபோயிருந்தன. ஒருவரும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஓட்டமாவடி ஸஹீதா மட்டும் வந்து அவளைத் தூக்கி, முக்காட்டு நுனியால் முகம் துடைத்துவிட்டாள்.

மத்தியானம் வாவிக்கரையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு மேனுகா சாப்பிடாமல் இருந்தாள்.

"நீங்க தட்டாமப் போனீங்க மிஸ்" என்றாள் ஸஹீதா மெதுவாக.

"ஆருக்குத் தட்டுற ராத்தா?"

ஸஹீதா வாடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"அன்னப்பூரணிக்கு. கதிரவெளி ஆள். நம்மட சுப்பவைசருக்குத் தங்கச்சி முறை. அவர்தான் வேலைக்குக் கூட்டிவந்த. போன வருசம் வாங்குற கம்பனியில இருந்து பாக்க வந்தாங்க. மெடிக்கல் கார்ட் எடுத்துத் தராத ஆக்கள அவங்க கண்ணுல காட்ட ஏலாதெண்டு மருந்துக் கூடத்துக்குள்ள விட்டுச் சாத்தினாங்க. கார்ட் இல்லாத மத்தவங்க லீவு. அவ மட்டுந்தான் அண்டைக்கு. தொட்டியில அப்பதான் மருந்து கலந்தது. அவக்கு முட்டு வருத்தம் வேற."

"பிறகு?"

"வந்தவங்க தேத்தண்ணி குடிச்சு, படமெடுத்து, போன பிறகு தொறந்தாங்க. ஆசுபத்திரிக்குக் கொண்டு போற வழியில முட்டு வந்து மௌத்தாகிட்டா எண்டு ஊட்டுக்குச் சொன்னாங்க." ஸஹீதா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நாங்க சொல்லல்ல மிஸ். சொன்னா இந்த வேலையும் இல்ல. அதால தட்டிட்டுப் போறம். நாங்க வாறம், நீங்க எங்களுக்கு ஒண்டும் செய்யாதீங்க எண்டு."

மேனுகா அன்று பின்னேரமே அருமைநாயகத்திடம் போனாள். காற்றாடியைச் செய்யவேண்டும், உள்ளே ஒரு பிடி பூட்டவேண்டும், இல்லாவிட்டால் தான் மேலிடத்துக்கு எழுதி அனுப்பப்போவதாகச் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. தலையை ஆட்டினார்.

"செய்வம் புள்ள. அடுத்த லோட் போகட்டும்."

அவர் சத்தியமாகச் செய்யத்தான் நினைத்தார் என்றே அவள் நம்பினாள்.

*

வாடிக்கு வரவேண்டிய அடுத்த இறால் லோட் பிந்திவிட்டது. லொறிக்காரர் நளீர் வந்து சேர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. வழியில் டயர் வெடித்து வெயிலுக்குள் நின்றுவிட்டதாம். பெட்டிகளைத் திறந்தால் ஐஸ் கரைந்து தண்ணீராகக் கிடந்தது. இறாலின் தலைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன.

மேனுகா ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்தாள்.

"இது சரிவராது சேர். திருப்பி அனுப்புங்க. ஆக்கள் சாப்பிடுற சாமான்."

"திருப்பினா முதலாளி எனக்கு நாளைக்கு வேலையில்ல எண்டுவார் புள்ள. வாங்குறவங்க இண்டைக்கு வாறாங்க." அருமைநாயகத்தின் போன் அப்போதே அடித்தது. கேட்டுக்கொண்டிருந்தவரின் உதடு காய்ந்தது. "சந்தி தாண்டிட்டாங்களாம். நீ ஓடிப்போய்க் கேற்றடியில நில்லு. நல்லாக் கதைச்சுக் கூட்டி வா. மத்ததை நான் பாக்கிறன்."

அவள் போனாள். போகும்போது, மருந்துப் பையை அவர் கிழித்து அளக்காமலே தொட்டிக்குள் கொட்டுவதைக் கண்டாள். திரும்பி ஓடிவந்து தடுக்கலாமா என்று நினைப்பதற்குள் ஜீப் கேற்றடியில் வந்து நின்றுவிட்டது.

வந்தவர்கள் இருவர். கொழும்பு ஆள் ஒருவர், அவரோடு வாங்குகிற கம்பனியின் வெள்ளைக்காரப் பெண் ஒருவர். மேனுகா அவர்களுக்குத் தலைத்தொப்பி கொடுத்து, கை கழுவவைத்துக் கூடத்துக்குள் கூட்டிவந்தாள்.

கூடம் வேறு இடம்போல் இருந்தது. தரை கழுவியிருந்தது. எல்லாருடைய கையிலும் கிளவுஸ். மேசையடியில் இடைவெளிவிட்டு நின்றார்கள்.

இடைவெளி.

மேனுகா முகங்களைப் பார்த்தாள். ஸஹீதா இல்லை. அவளோடு வருகிற ஓட்டமாவடிப் பெண்கள் ஒருவரும் இல்லை. கார்ட் இல்லாதவர்கள்.

மேசையடியில் நின்றவர்கள் குனிந்தபடியே உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கன்னத்தால் கண்ணீர் வடிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

அப்போது கரண்ட் போயிற்று.

மோட்டர்களின் இரைச்சல் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியது. அந்த வாடியில் அவ்வளவு அமைதியை மேனுகா கேட்டதே இல்லை. வெளியே வாவித் தண்ணீர் கரையில் அடிக்கிற ஓசை தெரிந்தது.

பிறகு தட்டுகிற சத்தம்.

கூடத்தின் கடைசியிலிருந்து. தடித்த பலகைக்குப் பின்னாலிருந்து. பதறித் தட்டுகிற சத்தமல்ல. ஒருமுறை. சற்றுப் பொறுத்து மறுபடி ஒருமுறை. திறப்பார்கள் என்று நம்பிக் காத்திருந்து தட்டுவதுபோல்.

"அது என்ன?" என்று கொழும்பு ஆள் கேட்டார்.

"ஐஸ் சேர்" என்றார் அருமைநாயகம். "கரண்ட் போனா ஐஸ் வெடிக்கும்." அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

மீண்டும் தட்டியது.

மேனுகா கதவை நோக்கி நடந்தாள். அவர் பின்னால் வந்து அவள் கையைப் பிடித்தார். பிடி வலிக்கவில்லை, கெஞ்சுகிற பிடி.

"கொஞ்சம் பொறு புள்ள," அவள் காதருகே முணுமுணுத்தார். "படமெடுத்திட்டுப் போயிருவாங்க. கொஞ்சம் பொறு."

"ஸஹீதா ராத்தா உள்ளுக்கு இரிக்கா?"

அவர் கண்ணைத் தாழ்த்தினார்.

அவள் கையை உதறிக்கொண்டு போய் இரும்புப் பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள்.

கதவு திறந்தது. மணம் சுவர்போல் வந்து முகத்தில் மோதியது. கண் எரிந்து, தொண்டை அடைத்தது. அந்த எரிச்சலுக்குள்ளேயும் ஒன்றை அவள் தெளிவாக உணர்ந்தாள். ஈரச் சேலையொன்று அவள் வலத் தோளை உரசிக்கொண்டு, உள்ளேயிருந்து வெளியே போயிற்று. ஐஸ்போல் குளிர்ந்திருந்தது.

அவள் பின்னால் நின்றவர் அருமைநாயகம்.

"தூக்குங்க!" என்று மேனுகா கத்தினாள். "ஓடி வந்து தூக்குங்க!"

மேசையடியில் நின்ற பெண்கள் எல்லாரும் கத்தியையும் கூடையையும் எறிந்துவிட்டு ஓடிவந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணும் வந்தாள். உள்ளே, அறையின் தூரத்துச் சுவரோடு ஒடுங்கி, ஈர முக்காடுகளை வாயில் அழுத்திக்கொண்டு ஓட்டமாவடிப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். ஸஹீதாவுக்கு நினைவு பாதிதான் இருந்தது. நளீர் லொறியைப் பின்னுக்கு எடுத்து, ஐஸ் பெட்டிகளைத் தரையில் தள்ளிவிட்டு, அவர்களை ஏற்றினார்.

லொறியின் பின்தட்டில் ஸஹீதாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேனுகா இருந்தாள். காற்று முகத்தில் அடிக்க அடிக்க ஸஹீதா கண்ணைத் திறந்தாள்.

"நீங்க தட்டினது கேட்டுது ராத்தா. நல்ல காலம் தட்டினீங்க."

ஸஹீதா இல்லையென்று தலையசைத்தாள்.

"நாங்க தட்டல்ல மிஸ்" என்றாள். இருமல் வந்து அவளை உலுக்கியது. "சாத்தின உடனே எல்லாரும் அந்தச் சுவரடிக்கு ஓடிட்டம். கதவடிக்குப் போக ஒருத்தருக்கும் ஏலாமப் போச்சு. அங்க அவ நிண்டா. முதுகு காட்டி. அவதான் தட்டினா."

லொறி வாழைச்சேனைப் பாலத்தில் ஏறியது.

"நீங்க தொறந்ததும் வெளிய எறங்கிப் பெய்த்திட்டா."

*

ஒருவரும் சாகவில்லை. அதை நினைத்துத்தான் மேனுகா பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஸஹீதாவால் இனி மாடிப்படி ஏற முடியாது. வீட்டு அடுப்புப் புகைக்கே மூச்சு இறுகும்.

அந்த லோட் முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். மேனுகா பொலிசில் சாட்சி சொன்னாள். அன்னப்பூரணியின் பெயரையும் சொன்னாள். வாடியைச் சீல் வைத்தார்கள். முதலாளி கொழும்பை விட்டு அசையவில்லை. எல்லாம் சுப்பவைசர் செய்த வேலை என்று அவருடைய லோயர் சொன்னார். மேசைகளும் மோட்டர்களும் லொறியில் ஏறி, கல்குடாப் பக்கம் வேறு பெயரோடு திறந்த வாடிக்குப் போய்விட்டதாக நளீர் வந்து சொன்னார். கிளவுஸ் கொடுக்கிறார்களாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

பிடிபட்டது அருமைநாயகம் மட்டும். பிணையில் விட்டார்கள். வழக்குக்குக் கூப்பிட்ட அன்று அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஒருநாள் அவருடைய மனைவி மங்கையற்கரசி மேனுகாவுக்குப் போன் எடுத்தாள்.

"கோபம் இருக்கும் மகள். ஆனா ஒருக்கா வந்திட்டுப் போ. உன்னட்டத்தான் சொல்ல வேணுமெண்டு நிக்கார்."

மேனுகா விருப்பமில்லாமல்தான் போனாள். கதிரவெளியில் கடலுக்குக் கிட்ட ஒரு கல்வீடு. காலை வெயில் மணலில் பளபளத்தது. பக்கத்து வளவில் யாரோ வலை உலர்த்திக்கொண்டு ரேடியோ கேட்டார்கள். வீட்டுக்குக் கதவுகளே இல்லை. முன்கதவு, அறைக்கதவு, குசினிக்கதவு, ஜன்னல் பலகைகள் எல்லாம் கழற்றி முருங்கை மரத்தடியில் அடுக்கியிருந்தது. கடற்காற்று வீட்டின் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போயிற்று. கூடமெல்லாம் மணல்.

"அவர்தான் கழட்டச் சொன்னவர்" என்றாள் மங்கையற்கரசி. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "கழட்டியும் ஒண்டுமில்ல. பிணையில வந்த நாளில இருந்து வெளிய இறங்கல்ல. பொலிசும் வந்து பாத்தாங்க. தம்பிமாரும் அவங்களும் சேந்து தூக்கிக்கொண்டு போகப் பாத்தாங்க மகள். வாசலுக்கு வந்ததும் நெஞ்சில அடி விழுந்தாப்போல கத்தினார். அடுத்த நாள் பாத்தா நெஞ்செல்லாம் கண்டிக் கறுத்துப்போய்க் கிடக்கு."

அவர் உள்ளே கதிரையில் இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. மேனுகாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் இருந்துவிட்டார்.

"நல்லா இரிக்கியா புள்ள?"

அவள் தலையசைத்தாள்.

"எல்லாருக்கும் ஒரு பொய் சொல்லியிரிக்கன்" என்றார் அவர். "பூரணி சத்தம் போடல்ல, அதால எனக்குத் தெரியாமப் போச்செண்டு. வழக்கு வந்த பிறகு அவட தாய்க்கும் அதான் சொன்ன." அவர் நிறுத்தி மூச்சு இழுத்தார். நெஞ்சுக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. "தட்டினவ புள்ள. நான் கதவுக்கு இந்தப் பக்கம் முதுகைக் குடுத்துக்கொண்டு நிண்டனான். என்ட முதுகிலதான் தட்டினவ. ஜீப் போகட்டும், ஜீப் போகட்டும் எண்டு நிண்டன். ஜீப் போகேக்குள்ள அவ தட்டுறத விட்டிட்டா."

குசினி வாசலில் மங்கையற்கரசி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டாள். அவளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

மேனுகாவுக்கு முகம் எரிந்தது. ஓங்கி அறையவேண்டும்போலவும் இருந்தது, அழவேண்டும்போலவும் இருந்தது.

"இதைக் கோட்டில ஜட்ஜுக்கு முன்னால வந்து சொல்லுங்க" என்றாள். "அவட தாய் இருக்கிற இடத்தில சொல்லுங்க. முதலாளிட பேரையும் சொல்லுங்க."

"சொல்லத்தான் வேணும்." அவர் வாசலைக் காட்டினார். "அவவத் தொறக்கச் சொல்லு. வாறன்."

"திறந்துதானே கிடக்கு."

அவர் சிரித்ததுபோல் இருந்தது.

மேனுகா எழுந்து வாசலுக்குப் போனாள். கதவில்லாத நிலைக்குள் கையை நீட்டினாள். காற்றுத்தான். வெயில் சூடு கையில் பட்டது. அவள் வெளியே இறங்கி மணலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே திரும்பி உரக்கச் சொன்னாள்.

"பாருங்க, ஒண்டுமில்ல. எழும்பி வாங்க சேர். நான் பிடிக்கிறன்."

அவர் எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து, கால்களை மணலில் இழுத்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்ததும் நின்று, இரண்டு கையையும் தூக்கி, நிலையின் நடுவே வெறும் வெளியில் வைத்தார்.

மேனுகா ஒரு முழத் தூரத்தில் நின்றாள். அவருடைய உள்ளங்கைகள் அவளுடைய கண்ணுக்கு முன்னால் தட்டையாகி, ரத்தம் வழிந்து போனதுபோல் வெளிறின. விரல் நுனிகள் நசுங்கின.

ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். காற்று அவருடைய இடுப்புச் சாரத்தை வெளிப்பக்கமாக அடித்துப் பறக்கவைத்தது. அது வாசலைத் தாண்டி மேனுகாவின் காலில் பட்டது.

அவர் கன்னத்தையும் அதில் சாய்த்தார். பிறகு கால்கள் தளர, உடம்பின் முழுப் பாரத்தையும் அந்தத் திறந்த வாசலில் சாய்த்தார்.

மேனுகா பிடிப்பதற்குக் கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் விழவில்லை.